கடைக்கு வராத நட்சத்திரம்

அமெரிக்காவின் தென்பகுதியில், மிஸிஸிப்பி நதிக்கரையில், மெம்பிஸ் என்றொரு நகரம் இருக்கிறது. பாட்டுப் பிரியர்களுக்கு அது ஒரு க்ஷேத்திரம். எல்விஸ் பிரெஸ்லி 1954-இல் முதல் இசைத்தட்டுக்குப் பாடிய ஸன் ஸ்டூடியோ, அவர் வாழ்ந்த கிரேஸ்லாண்ட் மாளிகை, ப்ளூஸ் ஸங்கீதம் வளர்ந்த பீல் தெரு எல்லாம் அங்கேதான்.

இல்லத்தரசிகளான உங்களுக்கு அந்த ஊரோடு இன்னொரு சொந்தமும் உண்டு. "துவரம் பருப்பு ஒரு படி" என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டுக் காத்திராமல், நாமே கூடையைத் தூக்கிக் கொண்டு சாமான்களைப் பொறுக்கி எடுக்கிறோமே, அந்த வழக்கத்தை 1916-இல் தொடங்கி வைத்த 'பிக்லி விக்லி' கடை மெம்பிஸில்தான் பிறந்தது!

நான் சொல்ல வந்த கதையிலும் ஒரு மளிகைக் கடை வருகிறது. மாடிஸன் அவென்யூவில், ஜான் ஃபிரை என்பவர் நடத்திய ஆர்டென்ட் ஸ்டூடியோவில் நான்கு வாலிபர்கள் இரவு இரவாகப் பாட்டுப் பதிவு செய்தார்கள். கிறிஸ் பெல், அலெக்ஸ் சில்ட்டன், ஆண்டி ஹம்மல், ஜோடி ஸ்டீபன்ஸ். எல்லாரும் இருபது வயதை ஒட்டியவர்கள். பசித்தால் அருகிலிருந்த 'பிக் ஸ்டார்' மளிகைக் கடைக்கு ஓடுவார்கள். அந்தப் பெயரையே கோஷ்டிக்கும் சூட்டிவிட்டார்கள். 'பெரிய நட்சத்திரம்' என்று அர்த்தம். 1972-இல் வெளிவந்த முதல் தட்டுக்கு 'நம்பர் 1 ரெக்கார்ட்' என்று பெயர். துணிச்சலைப் பார்த்தீர்களா?

அதில் பன்னிரண்டு பாட்டுகள். முதல் தடவை கேட்கும்போது, 'நன்றாகத்தான் இருக்கிறது' என்று சொல்லிவிட்டு அடுப்பைக் கவனிக்கப் போய்விடுவீர்கள். இரண்டாம் தடவை, 'பதின்மூன்று' என்ற பாட்டு வரும்போது கரண்டி கையிலேயே நின்றுவிடும். பள்ளிக்கூடத்துப் பையன் ஒருவன் தன் தோழியிடம் தயங்கித் தயங்கிப் பேசுகிற பாட்டு அது. மத்தளச் சத்தம் கிடையாது. கித்தாரும் மெல்லிய குரலும்தான். மூன்று நிமிஷங்கூட இல்லை. முடிந்ததும் அவரவர் பள்ளிக்கூட நாட்களுக்கு மனம் போய்விடுகிறது. மூன்றாம் தடவை நீங்களாகவே தேடிப் போடுவீர்கள். காதல் என்பது வேறென்ன?

'இந்தியப் பாட்டு' என்றும் ஒன்று இருக்கிறது. ஹம்மல் இயற்றியது. இந்தியாவில் போய் உல்லாசமாக வாழ வேண்டுமென்ற கனவு! கொசுவும் தண்ணீர்க் குழாய்ச் சண்டையும் இல்லாத இந்தியா அது. போகட்டும், நம்மை நினைத்தார்களே!

பத்திரிகைகள் தட்டைப் புகழ்ந்தன. ஆனால் அதை நாடெங்கும் கடைகளுக்கு அனுப்பும் ஏற்பாடு சீர்குலைந்திருந்தது. ஆசையோடு போய்க் கேட்டவர்களுக்குத் தட்டு கிடைக்கவில்லை. 10,000 பிரதிகள்கூட அப்போது விற்கவில்லை. கடையின் பெயரை வைத்துக் கொண்டவர்களின் பாட்டு கடைக்கே வரவில்லை!

இந்த அடியைத் தாங்க முடியாதவர் கிறிஸ் பெல். அந்தத் தட்டுக்காக மிகவும் பாடுபட்டவர் அவரே. அந்த வருஷமே கோஷ்டியை விட்டு விலகினார். 1978 டிசம்பர் 27-இல் கார் விபத்தில் மாண்டார். வயது 27.

பிறகுதான் வேடிக்கை. ஒருவர் கை மாறி ஒருவர் கையாகத் தட்டு பரவியது. ஆர்.இ.எம். போன்ற பெயர் பெற்ற கோஷ்டிகள், "நாங்கள் இவர்களைக் கேட்டு வளர்ந்தவர்கள்" என்று கொண்டாடின. சில்ட்டனும் ஹம்மலும் அந்தப் புகழைக் கண்டுவிட்டு 2010-இல் மறைந்தார்கள். பெல்லுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

மெம்பிஸுக்குப் போகிறவர்கள் எல்விஸ் மாளிகையைப் பார்க்கட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. மாடிஸன் அவென்யூவிலும் சற்று நின்று வாருங்கள். அந்த மளிகைக் கடை இப்போது அங்கே இல்லை. பாட்டு இருக்கிறது. போக முடியாதவர்கள், வேலை ஓய்ந்த ஒரு மாலை நேரத்தில் வீட்டிலேயே கேட்டுப் பாருங்கள். மூன்று தடவை கேட்க வேண்டும், மறந்துவிடாதீர்கள்!