நாற்பது மைலில் நடுங்கிய ஸ்டியரிங்

திங்கட்கிழமையிலிருந்து பிள்ளைகளின் வேன் ஓடவில்லை. அதை நிறுத்தச் சொன்னது நாங்கள்தான். சில பெற்றோர் கோபமாக இருக்கிறார்கள், தெரியும். அதனால்தான் இதை எழுதுகிறோம்.

போன கிழமை அந்த வேனில் மாவனெல்லையிலிருந்து கேகாலைக்குப் போனோம். கொஞ்சம் வேகம் பிடித்ததும் ஸ்டியரிங் சாரதியின் கையில் நடுங்கியது. "ஸ்லோ பண்ணினா நிண்டுரும் சேர்" என்றார். நின்றது. ஆனால் எங்களுக்கு வாப்பாவின் கார் ஞாபகம் வந்துவிட்டது.

1950களில் வந்த பழைய இங்கிலாந்துக் கார் அது. தொண்ணூறுகளில் அதுதான் எங்கள் வீட்டுச் சோறு. ரப்பர் தோட்டத்து லயன்களிலிருந்து பிரசவ வலியோடு வரும் தாய்மாரை நடுச்சாமத்தில் கேகாலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார் வாப்பா. தோட்டப் பாதையில் ஒரு குறையும் தெரியாது. கண்டி வீதிக்கு ஏறி 40 மைலைத் தொட்டால் ஸ்டியரிங் நடுங்கும். 45ஐத் தாண்டினால் அடங்கிவிடும். அவசரமில்லாவிட்டால் 35இல் போவார். அவசரமென்றால் மிதித்துத் தாண்டிவிடுவார்.

காரணம் எளிது. சில்லின் விளிம்பில் ஒரு பக்கம் 30 கிராம் பாரம் கூடுதலாக இருக்கிறதென்று வையுங்கள். அந்தக் கார் அளவுச் சில்லில், 20 மைல் வேகத்தில் அது சுமார் அரைக் கிலோ அளவுக்கு இழுக்கும். 40 மைலில் இரண்டு கிலோவுக்கு மேல், அதுவும் செக்கனுக்குப் பத்துத் தடவை. வேகம் இரட்டிப்பானால் இழுப்பு நான்கு மடங்கு. அந்தப் பத்துத் தடவை காரின் ஸ்பிரிங் தானாக ஆடும் தாளத்தோடு ஒத்துப்போனால், ஊஞ்சலை நேரம் பார்த்துத் தள்ளியது மாதிரித்தான்.

ஆரம்பகாலக் கார்களில் இது யாருக்கும் பெரிய தலையிடியாக இருக்கவில்லை. ஒடுக்கமான, கடினமான டயர், வேகமும் குறைவு. 1923இல் ஃபயர்ஸ்டோன் கம்பனி காற்றழுத்தம் குறைந்த பலூன் டயரைக் கொண்டுவந்தது. (அந்தக் காலத்து டயர்களில் எங்கள் தோட்டத்து ரப்பர் பாலும் கலந்திருக்கும்!) பயணம் மெத்தை மாதிரி ஆனது, கூடவே நடுக்கமும் வந்தது. முன் சில்லுகள் இரண்டும் ஒரே அச்சில். ஒன்று துள்ளினால் அச்சு சரியும். சுழலும் பம்பரத்தைச் சரித்தால் அது வேறு பக்கம் திரும்புமே, அப்படிச் சில்லும் திரும்பும், மற்றதையும் இழுக்கும். அந்தக் காலத்து ஒரு நடனத்தின் பெயரால் இதை 'ஷிம்மி' என்றார்கள். 1934 மொடல் கார்களில் ஜெனரல் மோட்டார்ஸ் முன் சில்லுகளைத் தனித்தனி ஸ்பிரிங்கில் விட்டதும் அந்தத் தொத்து நோய் பெருமளவு குறைந்தது. ஆனால் பாரம் சமமில்லாத சில்லு இன்றைக்கும் எந்த வாகனத்தையும் ஆட்டும்.

வாப்பாவின் காருக்கு பாஸ் ஒருவர் வைத்தியம் பார்த்தார். ஜாக் அடித்து, சில்லைக் கையால் சுற்றிவிட்டார். பாரமான பக்கம் கீழே வந்து நின்றது. அதற்கு நேர் மேலே சோக்கால் கோடு போட்டு ஈயக்கட்டி வைத்தார். எங்கே விட்டாலும் அங்கேயே நிற்கும்வரை திரும்பத் திரும்பச் செய்தார். எங்களுக்கு அது மந்திரம் மாதிரி. நடுக்கம் பாதியாகக் குறைந்தது. போதும் என்று வீட்டுக்கு வந்துவிட்டோம்.

மற்றப் பாதியை யாரும் தேடவில்லை. சில்லை மேலும் கீழும், பக்கவாட்டிலும் பிடித்து ஆட்டியிருந்தால் தெரிந்திருக்கும். கிறீஸ் காணாமல் ஸ்டியரிங் போல் ஜொய்ன்ட் தேய்ந்திருந்தது. ஓரிரு மாதத்தில் ஓர் இரவு அது கழன்று, கார் கானுக்குள் போனது. வாப்பா தனியாகத் திரும்பிக்கொண்டிருந்தார், அல்ஹம்துலில்லாஹ். ஒரு தாயை ஆஸ்பத்திரியில் இறக்கி இருபது நிமிடம்தான் ஆகியிருந்தது.

சனிக்கிழமை சாரதியை ஜாக்கோடு மைதானத்துக்கு வரச் சொன்னோம். முகம் சுளிக்காமல் வந்தார், பாவம். இடது பக்கம் அசையவில்லை. வலது முன் சில்லைப் பிடித்து ஆட்டியபோது 'டக்' என்றது. அவரே மறுபடி ஆட்டிப் பார்த்தார். பிறகு ஒன்றும் பேசவில்லை.

வேன் புதன்கிழமை கராஜிலிருந்து வரும். கீழ்ப் பிரிவுத் தோட்டத்துப் பிள்ளைகள் பதினொரு பேர் நடந்து வருகிறார்கள். அதுவரை காலையில் த்ரீவீலில் ஏற்றிவரக்கூடியவர்கள் இன்பொக்ஸில் சொல்லுங்கள்.