பலகையை வெட்டு... மூச்சை விட்டுடாதே!

எம்.டி.எஃப். பலகை பார்க்கத்தான் சாது. 18 மி.மீ. கனத்துல வெட்டிப் பாருங்க, வண்டவாளம் தெரியும்!

ப்ளஸ் டூ படிக்கிற தங்கச்சிக்கு மேஜை வேணும். கடை விலை நம்ம பட்ஜெட்டுக்கு எட்டலை. நானே களத்துல இறங்கிட்டேன்.

"ரம்பத்தால ரெண்டு இழு இழுத்தா ஆச்சு"ன்னார் அப்பா. ஆனா நாலடி நீளத்துக்குக் கை வலிச்சதும் கோடு கோணிடும். ஜிக்சா வளைவுக்கு ராஜா. கனமான பலகையில ப்ளேடு வளைஞ்சு விளிம்பு சாய்ஞ்சுடும். அதனால வாடகைக்கு சர்குலர் ரம்பம். அதுல கார்பைடு முனை வெச்ச, 40 பல்லுக்குக் குறையாத ப்ளேடு.

மெஷின் மட்டும் போதாது பாஸ். நேரான அலுமினியப் பட்டையை கிளாம்ப் போட்டு இறுக்கி, அதை ஒட்டியே ஓட்டணும். இந்த ரம்பத்தோட பல் கீழேருந்து மேலே வெட்டும். அதனால பலகையோட நல்ல முகம் கீழே இருக்கணும். கைரம்பத்துக்கு அப்படியே உல்டா. அடியில தெர்மகோல் விரிச்சு, பலகையைத் தாண்டி சில மி.மீ. மட்டும் ப்ளேடு இறங்கினா கீழ்விளிம்பும் பிய்யாது.

ஆனா நிஜ வில்லன், தூசு. மரநாரைப் பிசினோட சேர்த்து அழுத்திச் செய்யற பலகை இது. பெரும்பாலும் ஃபார்மால்டிஹைடு சேர்ந்த பிசின். தூசு மாவா பறக்கும். அப்பாவுக்கோ வீசிங். அதனால என்-95 மாஸ்க், கண்ணாடி சகிதம் மொட்டை மாடியில, அப்பா வெளியே போன நேரத்துல வெட்டினேன். துடைப்பத்துக்குத் தடா, ஈரத்துணிதான்.

உங்க வீட்டுலயும் மூச்சுத்திணறல் உள்ளவங்க இருக்காங்களா, மாடியும் இல்லையா? பலகைக் கடையிலேயே அளவு சொல்லி வெட்டி வாங்கிடுங்க. அதுவும் சரியான டூல் செலக்‌ஷன்தான்!