மடிக்கணினிக்கு வைத்தியம்

நோய் இன்னதென்று அறியுமுன் மருந்து கொடுப்பவனை நாம் நல்ல வைத்தியன் என்பதில்லை. இயந்திரத்துக்கும் இந்த நீதி பொருந்தும்.

சென்ற மே மாதம் தில்லியில் வெயில் 40 பாகையைக் கடந்து காய்ந்தது. ஆய்வேட்டுக்கான கணக்கு நடந்துகொண்டிருக்கும்போதே என் மடிக்கணினி பட்டென்று அணைந்து, தானே மீண்டும் எழும். அதுவரை நடந்த கணக்கெல்லாம் வீண். அப்பா கூட்டுறவுச் சங்கத்தில் கடன்பட்டு வாங்கித் தந்தது அது. தவணை இன்னும் முடியவில்லை. பழுது பார்க்கும் கடைக்காரரோ திறந்தும் பாராமல், "மதர்போர்டு போய்விட்டது" என்றார்.

முதலில் கோப்புகளையெல்லாம் வேறிடத்தில் படியெடுத்து வைத்தேன். பிறகு விண்டோஸின் நிகழ்வுப் பதிவைத் திறந்தேன். 'கெர்னல்-பவர் 41' என்றிருந்தது. கணினி முறையாக மூடப்படாமல் நின்றது என்பதே அதன் பொருள். ஏன் நின்றது என்பதை அது சொல்லாது. பிழை நேர்ந்தால் தானே மறுபடி தொடங்கும் ஏற்பாட்டை நீக்கினேன். மென்பொருள் கோளாறானால் பெரும்பாலும் நீலத்திரை நின்று குறி காட்டும், காட்டவில்லை. அறைத்தோழனின் அதே வகைச் சார்ஜரை மாட்டியும் பயனில்லை. ராம் சோதனையிலும் பிழையில்லை. அதே கணக்கை விடியற்காலையில் ஓட்டினேன், ஓடியது. நண்பகலில் ஓட்டினேன், அரைமணியில் வீழ்ந்தது.

வெப்பமே குற்றவாளி! மின்கல இணைப்பைக் கழற்றிவிட்டுத் திறந்தால், விசிறியின் வாயைத் தில்லிப் புழுதி கம்பளிபோல் அடைத்திருந்தது. அதை அகற்றி, செயலியின்மேல் காய்ந்துபோயிருந்த பசையையும் மாற்றினேன். கணக்கு இரவுபகலாக ஓடி முடிந்தது.

நண்பர்களே, சோதிக்கும்போது ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பலவற்றை ஒருங்கே மாற்றினால் நோய் தீரலாம்; காரணம் தெரியாது. ஆய்வுக்கூடத்தில் நாம் படிக்கும் பாடமும் இதுதானே!