சீனக்குடா மாவும் இரத்மலானைக் குளிசையும்

2022 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் ஒருநாள், அன்னையாரின் கிளினிக் கொப்பியைக் கையில் ஏந்தியவாறு திருகோணமலை நகரில் மூன்று மருந்துக்கடைகள் ஏறி இறங்கினேன். எரிபொருள் இல்லாத காலம், நடைதான். நீரிழிவுக்கும் குருதி அமுக்கத்துக்குமாக அவர் நாடோறும் உட்கொள்ளும் குளிசைகளுள் இரண்டு வைத்தியசாலையில் இல்லை. வெளியில் வாங்குமாறு துண்டொன்று எழுதித் தந்திருந்தனர். வெளியிலும் அவை இல்லை. மூன்றாங் கடைக்காரர், “அடுத்த கிழமை வந்து பாருங்கோ தம்பி, வந்தாத்தான் நிச்சயம்” என்று கொப்பியைத் திருப்பித் தந்தார்.

களைப்பு மேலிட, உட்துறைமுகக் கரையிலே சிறிது நேரம் நின்றேன். நீர்ப்பரப்புக்கு அப்பால், சீனக்குடாவில், மாவாலையின் உயர்ந்த களஞ்சியங்கள் தோன்றின. 1980 முதல் அங்கு அரைபடும் கோதுமை மாவே நமக்குப் பாணாகவும் ரொட்டியாகவும் வருகின்றது. ‘எங்கள் ஊர் மா’ என்று சொல்லிக் கொள்வதில் எமக்குச் சிறு பெருமையும் உண்டு. கோதுமை இத்தீவில் விளைவதில்லை என்பது மாத்திரம் நினைவுக்கு வருவதில்லை. ஆலையைக் குறைகூறுதல் என் நோக்கமன்று. பலருக்குச் சோறிடும் ஆலை அது. ஆயினும் தானியக் கப்பல் வராதாயின் அது வெறுங் கட்டடமே.

மருந்துத் துறையில் நாம் தன்னிறைவென்று பேசுவதும் பெரும்பாலும் இத்தகையதே. 1987 இல் யப்பானிய உதவியுடன் இரத்மலானையில் அரச மருந்து உற்பத்திக் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டது. பரசிற்றமோல், மெற்போமின் முதலிய குளிசைகளை அது ஆக்குகின்றது. அக்குளிசைகளின் மூலப்பொருளோ கடல் கடந்தே வருகின்றது. ஆதலின், 2022 ஏப்பிரலில் வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவுகளை அரசு நிறுத்திய வேளையில், முடிவுற்ற குளிசைக்கு மட்டுமன்றி உள்ளூரிற் குளிசையாக்குவதற்கான தூளுக்கும் டொலரே வேண்டியதாயிற்று.

இவ்வுண்மையை ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னரே உணர்ந்தவர் பேராதனை மருத்துவ பீடத்தின் பீடாதிபதியாக விளங்கிய பேராசிரியர் சேனக்க பிபிலே. வைத்திய கலாநிதி எஸ். ஏ. விக்கிரமசிங்கவுடன் இணைந்து 1971 இல் அவர் அளித்த அறிக்கை ஆலையிலிருந்து தொடங்கவில்லை. பெயரிலிருந்தும் கொள்வனவிலிருந்தும் தொடங்கியது. ஒரே மருந்து பல நிறுவனங்களின் பல பெயர்களிற் பல விலைகளுக்கு விற்கப்படும்வரை, எது தேவை, எது வீண் என்று ஒரு நாடு அறியவே இயலாது. அவ்வாண்டே அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் அவர் தலைமையில் அமைந்தது. தனியார் துறையில் வழங்கிய ஏறத்தாழ 2100 மருந்துகள் 600 அளவுக்குக் குறைக்கப்பட்டன. மருந்துகளும் மூலப்பொருள்களும் உலகச் சந்தையில் விலை ஒப்பிட்டு மொத்தமாக வாங்கப்பட்டன.

எதிர்ப்பு எழாமல் இருக்குமா? 1974 இல் வாந்திபேதி பரவிற்று. ஹெக்ஸ்ட் நிறுவனத்திடம் கூட்டுத்தாபனம் வாங்கிய ரெற்றாசைக்கிளின் மூலப்பொருளை உறைகளில் அடைத்துத் தருவதற்கு, இங்கு ஆலை வைத்திருந்த பைசர் நிறுவனம் இணங்கவில்லை. முடிவுற்ற மருந்து பெருஞ்செலவில் விமானமேறி வந்தது. ஆலை நம் மண்ணில் நின்றது, தொழிலாளரும் நம்மவரே, மறுக்கும் அதிகாரம் மாத்திரம் கடலுக்கப்பால் இருந்தது. உள்நாட்டு உற்பத்தி என்னுஞ் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்நிகழ்ச்சியே நினைவில் எழுகின்றது.

1977 இல் ஆட்சி மாறியது. இறக்குமதி மீண்டுந் தனியாருக்குத் திறந்துவிடப்பட்டது. அவ்வாண்டிலேயே கயானாவிற் பிபிலே காலமானார். அவர் கொள்கையை ஓரளவு தழுவிய தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகார சபைச் சட்டம் நிறைவேற 2015 வரை நாடு காத்திருந்தது.

அன்று மாலை நான்காங் கடைக்கும் போனேன். அங்கிருந்த இளம் பெண் துண்டைப் படித்துவிட்டு, நீரிழிவுக்கு எழுதப்பட்டிருப்பது வியாபாரப் பெயரென்றும், அதே மருந்து வேறு பெயரில் தம்மிடம் உண்டென்றும் கூறினார். முதல் மூன்று கடைகளிலும் நான் அந்த வியாபாரப் பெயரையே கேட்டிருந்தேன். குருதி அமுக்கத்துக்கான மருந்து எப்பெயரிலும் போதிய அளவில் இருக்கவில்லை. பத்தே பத்துக் குளிசைகள் கிடைத்தன. அவற்றை அன்னையார் கத்தியால் இரண்டிரண்டாக வெட்டித் தீப்பெட்டியொன்றில் இட்டு வைத்திருந்ததைச் சில நாள்களின் பின்னரே கண்டேன்.

“இருவது நாளைக்குக் காணும்” என்றார்.