வாசலைத் தாண்டி உள்ளே

மஃரிப் என்னும் அந்தித் தொழுகை முடிகிற நேரத்தில் தமிழ்நாட்டின் பல ஊர்ப் பள்ளிவாசல்கள் முன்னால் தாய்மார்கள் கைக்குழந்தையோடு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் இந்துப் பெண்கள். குழந்தை ராத்திரி முழுக்க அழுகிறது, பால் குடிக்க மாட்டேன் என்கிறது, எதையோ பார்த்துப் பயந்துவிட்டது என்று வருவார்கள். தொழுதுவிட்டு வெளியே வருகிறவர்கள் ஒவ்வொருவராகக் குழந்தையின் முகத்தில் ஓதி ஊதிவிட்டுப் போவார்கள். அரியலூரிலும் இது தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. கல்லங்குறிச்சியிலிருந்தும் சுற்றுப்பட்டுக் கிராமங்களிலிருந்தும் பஸ் ஏறி வருகிறவர்கள் உண்டு. ஆனால் வாசலோடு சரி. உள்ளே வருகிற வழக்கம் அவர்களுக்கும் இல்லை, அழைக்கிற வழக்கம் எங்களுக்கும் இல்லை.

ஆசிரியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு நான் கையில் எடுத்துக்கொண்ட வேலை, வாசல் வரை வந்தவர்களை உள்ளே அழைப்பது. கூடவே, அவர்களுடைய வாசல்களுக்கு எங்கள் ஜமாஅத்துப் பிள்ளைகளைக் கூட்டிப்போவது. கேட்கச் சின்ன வேலையாகத்தான் இருக்கும். முப்பது வருஷம் வகுப்பெடுத்ததைவிட இதற்குத்தான் நான் அதிகம் தயார் செய்துகொள்கிறேன்.

2011 மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் முஸ்லிம்கள் 5.86 சதவீதம். அரியலூர் மாவட்டத்தில் அதைவிட மிகவும் குறைவு. பெரம்பலூர்ப் பக்கம் லெப்பைக்குடிக்காடு, வி.களத்தூர் மாதிரி முஸ்லிம்கள் நிறைந்து வாழும் ஊர்கள் இருக்கின்றன. இந்தப் பக்கம் அப்படியில்லை. ஒரு முஸ்லிம் குடும்பம்கூட இல்லாத கிராமங்கள்தான் அதிகம். அங்கே வளரும் ஒரு பையனுக்கு முஸ்லிம் என்றால் சந்தையில் பார்த்த ஒரு பாய், பிரியாணிக் கடை, அப்புறம் செல்போனில் வந்து விழும் வீடியோ. முதல் இரண்டிலும் பகை எதுவும் கிடையாது. மூன்றாவது என்ன சொல்லித் தருகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த வீடியோவைப் பார்த்த பிறகு, 'இது நிஜமா பாய்?' என்று கேட்க அவனுக்கு ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளாக இருப்பதுதான் இந்த வேலையில் பாதி.

மனிதர்கள் பக்கத்துப் பக்கத்திலேயே வாழ்ந்தாலும் பிணக்கு வராது என்று சொல்ல முடியாது. வி.களத்தூரில் கோயில் ஊர்வலம் எந்தத் தெரு வழியாகப் போகலாம் என்ற தகராறு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. நீதிபதிகள் கிருபாகரனும் வேல்முருகனும் 2021இல் தீர்ப்புச் சொன்னார்கள்: பொதுத்தெரு எல்லோருக்கும் பொது, ஒரு மதத்தார் அதிகமாக வாழ்கிறார்கள் என்பதற்காக இன்னொரு மதத்தாரின் ஊர்வலத்தைத் தடுக்க முடியாது. இந்த எதிர்ப்பை ஒப்புக்கொண்டால் நாட்டின் பெரும்பகுதியில் சிறுபான்மையினர் ஊர்வலமே நடத்த முடியாமல் போகும் என்றும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. ஒரு முஸ்லிமாக அந்தத் தீர்ப்பு சரி என்றே நினைக்கிறேன். எங்கள் பிள்ளைகளிடமும் அப்படியேதான் சொல்கிறேன். நீதிமன்றம் தெருவைத் திறந்துவிடும். தெருவில் சாமி வரும்போது திண்ணையில் உட்கார்ந்திருப்பவர் முகம் எப்படி இருக்க வேண்டும் என்று எந்த நீதிமன்றமும் உத்தரவு போட முடியாது. அது நாங்கள் செய்ய வேண்டிய வேலை.

அதனால்தான் அழைப்பதற்கு முன்னால் போவது என்று வைத்துக்கொண்டேன். அரியலூரிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டரில் இருக்கிறது கல்லங்குறிச்சி கலியுக வரதராசப் பெருமாள் கோயில். இராமநவமியில் தொடங்கிப் பத்து நாள் திருவிழா, ஒன்பதாம் நாள் தேர். ஆடு, மாடு, விளைந்த தானியம் என்று விவசாயிகள் காணிக்கையாகக் கொண்டுவருவார்கள். மூலவராக அங்கே சிலை கிடையாது. 12 அடி உயரக் கல் கம்பம், அடியில் ஆஞ்சநேயர். தொலைந்துபோன சினைப் பசுவைத் தேடிப் போனவருக்கு, அது கீழே கிடந்த ஒரு கற்கம்பத்தின் மேல் பால் சொரிந்து நின்ற இடம் தெரிந்தது என்றும், அதுவே கோயிலானது என்றும் ஊர்க்கதை. இந்தக் கதையை எங்கள் பிள்ளைகளுக்கு நான் சொல்வதில்லை. அந்த ஊர்ப் பெரியவர் ஒருவரைச் சொல்லச் சொல்வேன். அவர் சொல்லும்போது கண் கலங்கும். அந்தக் கண்ணைப் பார்த்தவன் கோயிலைப் பற்றி வாய்க்கு வந்தபடி பேச மாட்டான்.

அதே ஊரிலிருந்து சிலர் பள்ளிவாசல் பார்க்க வந்தபோது, தொழும் கூடத்துக்குள் நின்று சுற்றிச் சுற்றிப் பார்த்தார் ஓர் அம்மா. மேற்குச் சுவரில் வளைவான மாடம் ஒன்று இருக்கும். மிஹ்ராப் என்போம், ஹஜரத் தொழ வைக்க நிற்கும் இடம். அதை எட்டிப் பார்த்துவிட்டு, "பாய் வாத்தியாரே, இதுக்குள்ள ஒண்ணுமே இல்லையே, எதைக் கும்பிடுறீங்க?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் கூட வந்த பெரியவர் பதில் சொல்லிவிட்டார். "நம்ம பெருமாளுக்கு மட்டும் உருவமா இருக்கு? கம்பந்தானே."

இந்த மாதிரி நேரம்தான் இந்த வேலையில் மிகக் கடினம். 'ஆமாம் ஐயா, ரெண்டும் ஒண்ணுதான்' என்று சொன்னால் எல்லோரும் சிரித்த முகத்தோடு வீட்டுக்குப் போவார்கள். ஆனால் அது உண்மையாகாது. அவருக்குக் கம்பத்தில் பெருமாள் இருக்கிறார். எங்களுக்கு அந்த மாடத்தில் அல்லாஹ் இல்லை; அது மக்கா இருக்கும் திசையைக் காட்டுவது மட்டும்தான். "ஐயா, நீங்க சொன்னது என் மனசுக்கு ரொம்ப நெருக்கமா இருக்கு. ஆனா எங்க நம்பிக்கை கொஞ்சம் வேற" என்று தொடங்கி, அதை விளக்கினேன். அவர் முகம் சுருங்கவில்லை. இன்னும் இரண்டு கேள்வி கேட்டார். 'எல்லா மதமும் ஒன்றுதான்' என்று மேடையில் சொல்கிறவர்கள் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். அதைக் கேட்ட பிறகு அடுத்த கேள்வி கேட்க யாருக்கும் எதுவும் மிச்சம் இருக்காது என்பதுதான் எனக்கு வருத்தம். வேறாக இருக்கிறோம், ஆனாலும் உன் நல்லது கெட்டதில் நான் இருப்பேன் என்பதைத்தான் நான் நம்புகிறேன்.

வருகை நாளைப் பற்றிச் சில விஷயங்கள் சொல்ல வேண்டும். அஸர் என்னும் பிற்பகல் தொழுகைக்கும் மஃரிபுக்கும் நடுவில் உள்ள நேரம் தோதானது. பேச்சு முடியும்போது பாங்கு சொல்வார்கள். விரும்புகிறவர்கள் பின்னால் உட்கார்ந்து தொழுகையைப் பார்க்கலாம். ஒலிபெருக்கி வேண்டாம், நாற்காலி வரிசை வேண்டாம், முழங்கால் வலிக்காரர்களுக்கு மட்டும் சில நாற்காலி. மற்றபடி எல்லோரும் பாயில். ஹவுது என்னும் தண்ணீர்த் தொட்டியின் கரையில், தொழுகைக்கு முன் கழுவிச் சுத்தமாகும் ஒளுவை எப்படிச் செய்வது என்று ஒரு பையன் செய்து காட்டுவான்: கை, வாய், மூக்கு, முகம், முழங்கை வரை, ஈரக் கையால் தலை, கடைசியில் கால். கோயிலுக்குக் கால் கழுவிவிட்டுப் போகிறவர்களுக்கு இதில் விளக்க ஒன்றும் இல்லை, பார்த்தாலே புரியும். பெண்கள் தலையில் துணி போட வேண்டுமா என்று எங்கள் ஆட்கள் முன்கூட்டியே பெரிய விவாதம் நடத்தினார்கள். வந்த பெண்களோ நடையில் கால் வைத்ததுமே தாங்களாக முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டார்கள்.

பெண்கள் தொழ வராத பள்ளிவாசலில் பெண் விருந்தாளிகளை அழைக்க வேண்டுமானால் பள்ளிவாசலை நிர்வகிக்கும் முத்தவல்லியிடமும் ஹஜரத்திடமும் முதலிலேயே பேசி ஒப்புதல் வாங்கிவிட வேண்டும். எங்கள் வீட்டுப் பெண்களும் வந்து வரவேற்றால்தான் அது சரியாக இருக்கும். நாலு கல்யாணம், புர்கா, தலாக் பற்றிய கேள்விகள் நிச்சயம் வரும். அவற்றுக்கு ஆண்கள் பதில் சொல்லக் கூடாது என்பது என் கட்சி. எங்கள் பெண்கள் சொல்லும் பதில்கள் எல்லாம் ஒரே மாதிரி இருக்காது. ஒருவர் புர்காவை விரும்பிப் போடுகிறார், இன்னொருவர் போடுவதே இல்லை. அந்த வேறுபாட்டை விருந்தாளிகள் காதால் கேட்பது நல்லது.

மாட்டுக்கறிக் கேள்வியும் வரும். பசு பால் சொரிந்த கதையோடு வளர்ந்த ஊர்க்காரர்கள் கேட்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். 'எங்க வீட்ல ஆக்குறதில்லைங்க' என்று சொல்லி நழுவுகிறவர்கள் உண்டு. நான் இருப்பதைச் சொல்கிறேன்: எங்கள் மார்க்கத்தில் அது கூடும், கட்டாயமில்லை. சாப்பிடுகிற முஸ்லிம் இருக்கிறார், சாப்பிடாதவர் இருக்கிறார். முஸ்லிம் அல்லாதவர்களிலும் சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். உங்களுக்கு அது எவ்வளவு வேதனை என்பது எனக்குத் தெரியும். இவ்வளவும் சொன்ன பிறகு ஒருவர், "எனக்குப் பிடிக்கலை பாய், ஆனா மறைக்காம சொன்னீங்க" என்றார். அன்றைக்கு அது போதும். அவர் மனதை மாற்றுவது என் வேலை இல்லை.

சாப்பாட்டு விஷயத்தில் இரண்டு பக்கமும் கவனம் தேவை. இராமநவமி விரதம், புரட்டாசிச் சனி என்று கவுச்சி தொடாத நாட்கள் அவர்களுக்கு உண்டு. நோன்புக் கஞ்சி கொடுப்பதாக இருந்தால், கறி சேர்க்காமல் பச்சரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், இஞ்சி, பூண்டு, தேங்காய்ப்பால் மட்டும் போட்டுத் தனிச் சட்டியில் ஆரம்பத்திலிருந்தே தனிக் கரண்டியோடு காய்ச்ச வேண்டும். பெரிய தேக்சாவிலிருந்து கறியை ஒதுக்கிவிட்டு ஊற்றினால் யாருக்குத் தெரியும் என்று நினைக்கக் கூடாது. சட்டியைக் காட்டியே ஊற்ற வேண்டும்.

எங்களுக்குள்ள தடை பிரசாதம். படைத்ததை உண்ணக் கூடாது என்பது எங்கள் மார்க்கம். கை நீட்டி வாங்கி, யாரும் பார்க்காதபோது வேறு ஒருவரிடம் தள்ளிவிடுவது பலர் செய்வது. எனக்கு அது பிடிப்பதில்லை. அன்போடு கொடுத்தவரிடம் நடிப்பதாகப் படுகிறது. கல்லங்குறிச்சி நண்பர் ஒருவரிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன்: "அண்ணே, உங்க வீட்டுல சோறு போட்டா உக்காந்து சாப்பிடுவேன். படையல் மட்டும் எனக்கு ஆகாது, தப்பா நினைக்காதீங்க." அடுத்த திருவிழாவுக்குப் போனபோது அவர் மனைவி சர்க்கரைப் பொங்கலைத் தனியாக ஒரு கிண்ணத்தில் மூடி வைத்திருந்தார். "இது தனியா வச்சதுண்ணே, சாமிக்கிட்ட கொண்டு போகலை" என்றார். பொங்கல் இன்னும் சூடாக இருந்தது. மேலே முந்திரி இரண்டு மூன்று கூடவே இருந்தது. இப்படி ஒரு கிண்ணத்தை எடுத்துவைக்க அந்த அம்மா அடுப்படியில் எத்தனை யோசித்திருப்பார் என்று நினைத்துப் பார்க்கிறேன். மத நல்லிணக்க மாநாடு எதிலும் எனக்கு இப்படி ஒரு மரியாதை கிடைத்ததில்லை.

சந்திரக் கணக்கில் ரமலான் ஒவ்வொரு வருஷமும் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகரும். அப்படி நகர்ந்து 2022, 2023 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் இராமநவமி ரமலானுக்குள்ளேயே வந்தது. பங்குனி, சித்திரை வெயில் எங்கள் பக்கம் எப்படி அடிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. சுண்ணாம்புக்கல் பூமி, கானல் கண்ணைக் கூசவைக்கும். தேர் பார்க்க வருகிறவர்களுக்கு நீர்மோர் கொடுத்த எங்கள் பிள்ளைகள் தாங்கள் ஒரு வாய் குடிக்காமல் நின்றதைப் பார்த்து, "தம்பி, நீயும் குடிப்பா" என்று ஆயாக்கள் வற்புறுத்தினார்கள். நோன்பு என்றால் எச்சில்கூட விழுங்கக் கூடாதா, தண்ணீருமா குடிக்க மாட்டீர்கள், மயக்கம் வராதா என்று கேள்வி மேல் கேள்வி. ஒரு பையன் திணறித் திணறிப் பதில் சொல்லிக்கொண்டிருந்தான். நான் போய் உதவவில்லை. தன் மார்க்கத்தை ஓர் ஆயாவுக்குப் புரியும் தமிழில் சொல்ல அவன் அங்கேதான் கற்றுக்கொண்டான்.

நீர்மோர்ப் பந்தலில் எந்தக் கட்சிக் கொடியும் வேண்டாம், பிரமுகர் படமும் வேண்டாம் என்பதில் மட்டும் நான் பிடிவாதமாக இருக்கிறேன். தலையில் தொப்பி வைத்துக் கஞ்சிக் கிண்ணத்தோடு போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்புகிற இஃப்தார்கள் ஊருக்கு ஊர் நடக்கின்றன. அவற்றால் கெடுதல் எதுவும் இல்லை. ஆனால் அங்கே யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை.

பள்ளிவாசலுக்குள் அழைக்கும் இந்த வேலையை வெளிநாடுகளிலும் செய்கிறார்கள். ஜெர்மனியில் 1997 முதல் ஆண்டுதோறும் அக்டோபர் 3ஆம் தேதி, அந்நாட்டு ஒற்றுமை நாளன்றே, பள்ளிவாசல்களைப் பொதுமக்களுக்குத் திறந்துவைக்கிறார்கள். பிரிட்டனில் 2015இல் இதே போன்ற ஒரு நாள் தொடங்கியது. அங்கே பல நகரங்களில் நடக்கும். எங்களைப் போன்ற சின்ன ஊருக்கு வருஷத்தில் ஒரு பெரிய நாள் சரிப்படாது. பத்துப் பதினைந்து பேராக அடிக்கடி வர வேண்டும். கூட்டம் பெருகினால் கூச்சப்படுகிறவர் வாய் திறக்க மாட்டார்.

இப்போது எனக்கு ஆசிரியர்கள் மேல் கண். சமூக அறிவியலில் இஸ்லாம் பற்றிய பாடத்தை நடத்துகிற பலர் ஒரு பள்ளிவாசலுக்குள்ளும் போனதில்லை. நானும் வேலையில் இருந்தவன், எனக்குத் தெரியும். அவர்களுக்கென்று ஒரு சனிக்கிழமை மாலை வைத்திருக்கிறோம். மறு வாரம் எங்கள் மதரஸாவில் பாடம் சொல்லும் உஸ்தாதுகள் கல்லங்குறிச்சிக்கும், அப்படியே வீரமாமுனிவரின் ஏலாக்குறிச்சி மாதா கோயிலுக்கும் போகிறார்கள். உஸ்தாது ஒருவர் இப்போதே கேட்க வேண்டிய கேள்விகளை நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறார். சிலவற்றை அடித்துவிட்டார். அடித்ததையும் கேளுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.