தாயார் அனுப்பிய மனிதர்கள்

நாமக்கல் மலையடிவாரத்தில், கூரையில்லாத வெட்டவெளியில், 18 அடி உயரத்தில் கைகூப்பி நிற்கிறார் ஆஞ்சநேயர். அவர் நோக்கும் திசையில், மலையைக் குடைந்த கோயிலில் நரசிம்மர் வீற்றிருக்கிறார். அங்கே தனிச் சந்நிதி கொண்டு அருள்பவள் நாமகிரித் தாயார். அந்தத் தாயாரைக் குலதெய்வமாகக் கொண்டவர் ஈரோட்டுப் பெண்மணி கோமளத்தம்மாள். மணமாகிச் சில ஆண்டுகள் மகப்பேறு இல்லாதிருந்த அவருக்காகக் குடும்பமே தாயாரை வேண்டிக்கொண்டது. 1887 டிசம்பர் 22 அன்று பிறந்த அந்தப் பிள்ளைதான் கணிதமேதை ராமானுஜன்.

வேண்டிப் பெற்ற பிள்ளை என்பதற்காகத் துன்பங்கள் விலகி நிற்கவில்லை. கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகை பறிபோயிற்று. எஃப்.ஏ. தேர்விலும் தோல்வி. 1909-இல் திருமணமாயிற்று, கையிலோ காசில்லை. இந்நிலையில் அவர் தாயாரை வேண்டிக்கொண்டு வீட்டிலேயே அமர்ந்திருக்கவில்லை. கணக்கு நோட்டுகளை எடுத்துக்கொண்டு பிறர் வாசலுக்குச் சென்றார்.

திருக்கோவிலூரில் டெபுடி கலெக்டராக இருந்த ராமசாமி ஐயரிடம் எழுத்தர் வேலை கேட்டார். நோட்டைப் புரட்டிப் பார்த்த அவர், இத்தகைய அறிவைத் தாலுகா கச்சேரியில் புதைக்கலாகாது என்று கருதிச் சென்னை நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்தனுப்பினார். நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ், ராமானுஜன் கவலையின்றிக் கணக்கில் ஈடுபட மாதந்தோறும் பணம் அனுப்பினார். பிறருக்கு நெடுநாள் பாரமாயிருக்க ராமானுஜனின் மனம் ஒப்பவில்லை. 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தரானார். அங்கே மேலதிகாரியாக இருந்த நாராயண ஐயர், இரவுகளில் அவருடன் அமர்ந்து சிலேட்டில் கணக்குப் போட்டார். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் போயிற்று.

இங்கிலாந்திலிருந்து அழைப்பு வந்தபோது, கடல் கடத்தல் ஆசாரத்துக்கு மாறானது என்ற தடை எழுந்தது. ராமானுஜன் நாராயண ஐயருடன் நாமக்கல் சென்று, கோயிலில் மூன்று இரவுகள் தங்கித் தாயாரின் உத்தரவை வேண்டினார் என்று அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் கூறுகிறார்கள். கோமளத்தம்மாளின் கனவில் தாயார் தோன்றி, மகன் செல்லும் வழியில் குறுக்கே நிற்காதே என்று ஆணையிட்டதாகவும் சொல்வர். 1914 மார்ச் 17 அன்று ராமானுஜன் கப்பலேறினார்.

தாயார் தந்தது துணிவும் உத்தரவும். பணமும் வேலையும் கடிதமும் மனிதர்களின் கைவழியே வந்தன. அந்தக் கைகளை அனுப்பியவளும் அவளே என்பதுதான் பக்தனின் நம்பிக்கை.

1919-இல் நோயுடன் திரும்பிய ராமானுஜன், 1920 ஏப்ரல் 26 அன்று 32 வயதில் மறைந்தார். வேண்டுதல் ஆயுளை நீட்டித் தரவில்லை. இளம் விதவையான ஜானகி அம்மாள், பல்கலைக்கழகம் அளித்த சிறு ஓய்வூதியத்தோடு, தையற்கலை கற்று, திருவல்லிக்கேணியில் துணி தைத்துத் தம் வாழ்வை நடத்தினார். பிறர் தந்ததைத் தட்டவும் இல்லை, தம் உழைப்பை விடவும் இல்லை. 1994 வரை வாழ்ந்தார்.

முதுமையில் பலரும் சொல்லும் வார்த்தை ஒன்றுண்டு: “யாருக்கும் பாரமாக இருக்கக் கூடாது.” அது நல்ல எண்ணமே, ராமானுஜனுக்கும் அது இருந்தது. ஆயினும் படியேற நீளும் பேரனின் கையையும், மருந்து வாங்கித் தர வரும் அண்டை வீட்டாரையும் அதற்காக விலக்கிவிட்டு, சந்நிதியில் நின்று “தாயே, துணை செய்” என்று வேண்டுவது பொருந்துமா? அவள் அனுப்பிய துணை வாசலில் வந்து நிற்கும்போது, கதவைத் திறப்பதும் வழிபாடே.