மகளின் முதல் வெளிநாட்டுப் பயணம்

செராஸில் வாழும் நாங்கள், ஐந்து வயது மகளைச் சிங்கப்பூர் செந்தோசாத் தீவிலுள்ள யூனிவர்சல் ஸ்டுடியோஸ் கேளிக்கைப் பூங்காவுக்கு அழைத்துச் செல்லவிருக்கிறோம். பயணத்திற்கு முன் சிந்திக்க வேண்டியவை மூன்று.

முதலாவது கடப்பிதழ். சிறு பிள்ளைக்கும் தனிக் கடப்பிதழ் வேண்டும். அது குறைந்தது 6 மாதங்களுக்குச் செல்லுபடியாதல் வேண்டும்.

இரண்டாவது உயரம். அங்குள்ள சில விளையாட்டுகளில் ஏறுவதற்கு 102 சென்டிமீட்டரும், ஒன்றுக்கு 125 சென்டிமீட்டரும் தேவை. மகளைச் சுவரோரம் நிறுத்தி அளந்தோம், 104 இருந்தது. பெரியவர் துணையோடு அவள் ஏறக்கூடியவற்றை மட்டுமே கூறினோம். அங்குச் சென்று பிள்ளை முகம் வாடுவதைக் காட்டிலும், வீட்டிலேயே உண்மையை உரைப்பது நன்றன்றோ?

மூன்றாவது செலவு. சிங்கப்பூர் வெள்ளி ஒன்றுக்கு நம் வெள்ளி ஏறத்தாழ மூன்று கொடுக்க வேண்டும். நான்கு வயது நிறைந்த பிள்ளைக்கும் நுழைவுச் சீட்டு உண்டு. ஆதலால் விமானத்தை விடுத்து, பண்டார் தாசேக் செலாத்தானிலிருந்து பேருந்தில் செல்ல முடிவு செய்தோம். மாதந்தோறும் ஒரு தகர டப்பாவில் பணம் சேர்க்கிறோம். மகளும் தன் காசுகளை அதில் இடுகிறாள்.

நம் முன்னோர் பிழைப்புக்காகக் கடல் கடந்து ரப்பர்த் தோட்டங்களுக்கு வந்தனர். பலர் கடனோடு வந்தனர். அவர்தம் வழித்தோன்றலாகிய சிறுமி களிப்புக்காகக் கடல் கடக்கிறாள். அக்களிப்புக்காகக் கடன்படலாகாது என்பதே எங்கள் உறுதி. டப்பா நிறையும் வரை பயணம் காத்திருக்கட்டும்.